கோ 51 நெல் ரகத்துல குலைநோய்: விதை கெட்டுப்போச்சா, பூஞ்சாணம் மாறிருச்சா?

விதை மேல பழி போடாதீங்க. போன வருசம் தாங்குன கோ 51 இந்த வருசம் கோபி தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் குலைநோய்ல (பூஞ்சாணத்தால வர்ற நெல் நோய்) கருகுதுன்னா பூஞ்சாணத்தோட இனம் மாறியிருக்க வாய்ப்பிருக்குதுங்க.

குலைநோய்ப் பூஞ்சாணம் ஒரே ஆளில்லைங்க, பல இனமா இருக்குது. நெல்லுல இருக்கற எதிர்ப்பு மரபணு பூஞ்சாணத்துல இருக்கற ஒரு குறிப்பிட்ட மரபணுவ அடையாளம் கண்டுதான் தடுக்கும், பூஞ்சாணம் அந்த மரபணுவ தொலைச்சிட்டாலோ மாத்திக்கிட்டாலோ நெல்லுக்கு ஆள் அடையாளமே தெரியாம போயிருது. பூஞ்சாணத்தோட இந்த மரபணுக்கள்ல சிலது குரோமோசோம் (மரபணுக்கள் வரிசையா இருக்கற இழை) நுனியில உக்காந்திருக்கறதால சுலபமா உதிர்ந்து போயிரும். அப்பறம் கோ 51-க்கு இருக்கறது நடுத்தர எதிர்ப்புத்தான், யூரியாவ அள்ளி வீசி மார்கழிப் பனியும் சேந்தா பழைய இனமே கூட ஏறிரும்.

மொதல்ல இத பாருங்க: இலைல புள்ளி ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல், ஓரம் பழுப்பா இருக்குதுங்களா? எள்ளு மாதிரி சின்னதா வட்டமா இருந்தா அது செம்புள்ளி நோய், கதையே வேற. புள்ளி விழுந்த இலைய ஈரத்துணியோட கவர்ல ராத்திரி பூரா வச்சா குலைநோய்னா நடுவுல சாம்பல் பூஞ்சை பூக்கும்.

எந்த இனம்னு கண்ணுல பாத்து சொல்ல முடியாதுங்க, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழக பயிர் நோயியல் துறைல கேட்டுப் பாருங்க. அதுவரைக்கும் யூரியாவ நிறுத்துங்க, டிரைசைக்ளசோல் 75 பூஞ்சாண மருந்த லிட்டர் தண்ணிக்கு 0.6 கிராம் கலந்து அடிங்க. அதையே திரும்பத் திரும்ப அடிக்காதீங்க.