டேபிள் ஊதிக்கிட்டே போகுதா? போஸ்ட்கிரெஸ் கேள்வி பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 1 கோடி வரிசை உள்ள டேபிள். வரிசை கூடலை, சைஸ் மட்டும் மூணு மடங்கு ஆயிடுச்சு. தானா சுத்தம் பண்ற ஆட்டோவேக்யூம் ஆன்லதான் இருக்கு.

பதில்: ஆன்ல இருந்தா மட்டும் போதாது. போஸ்ட்கிரெஸ்ல அப்டேட் அடிச்சா பழைய வரிசை மேலேயே எழுதாது. புதுசா ஒண்ணு எழுதிட்டு, பழசைச் செத்ததா அங்கேயே விட்டுடும். அதைக் கூட்டிப் பெருக்கத்தான் வேக்யூம். டீஃபால்ட்ல அது எப்போ கிளம்பும்னா, 50 + மொத்த வரிசையில 20%. உங்க கணக்குக்கு 20 லட்சம் செத்த பிறகுதான் எட்டியே பார்க்கும். அந்த 20%-ஐ முடிவு பண்ற ஸ்கேல் ஃபேக்டரை அந்த டேபிளுக்கு மட்டும் 0.01, அதாவது 1% ஆக்குங்க. 1 லட்சத்துலயே கிளம்பிடும்.

ஆனா அதுக்கு முன்னாடி, ரொம்ப நேரமா திறந்து கிடக்கிற டிரான்சாக்‌ஷன் இருக்கான்னு பாருங்க. நான் ஒரு ராத்திரி முழுக்க ஆட்டோவேக்யூம் செட்டிங்கை முறுக்கிக்கிட்டே இருந்தேன். கடைசியில பார்த்தா, யாரோ பிகின் போட்டு ஒண்ணைத் திறந்து, ஒரே ஒரு அப்டேட் அடிச்சு, கமிட் பண்ணி முடிக்காமலே வீட்டுக்குப் போயிருக்கார். அது முடியற வரைக்கும், அதுக்கப்புறம் செத்த எதையும் வேக்யூம் தொடாது. நகல் சர்வர் எதுவரைக்கும் படிச்சுதுன்னு குறிச்சு வைக்கிற ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை யாரும் படிக்காம விட்டா, அதுவும் சில சமயம் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: தினமும் ராத்திரி வேக்யூம் ஃபுல் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அது முடியற வரைக்கும், டேபிளைப் படிக்கிற செலக்ட்டைக்கூட விடாம பூட்டும். டேபிளைப் புதுசா எழுதுறதால டிஸ்க்லயும் அந்த அளவு இடம் வேணும்.

கேள்வி: வேக்யூம் முடிஞ்சும் டிஸ்க்ல இடம் கூடலையே?

பதில்: பெரும்பாலும் கூடாதுதான். காலியான இடத்தை அதே டேபிள்தான் திரும்பப் பயன்படுத்தும். சைஸ் ஒரு அளவுல நின்னுட்டா கவலையை விடுங்க.

கேள்வி: ஒரு பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பணும்னு சொல்ற ஃபில்ஃபேக்டரை 80 ஆக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை.

பதில்: அதே 8 கேபி பக்கத்துல இடமும் இருந்து, இண்டெக்ஸ் உள்ள காலம் (நெடுவரிசை) எதுவும் மாறாம இருந்தாத்தான் ஹாட் (HOT) அப்டேட், அதாவது இண்டெக்ஸ்ல புது எண்ட்ரி போடாத அப்டேட், நடக்கும். கடைசியா மாறின நேரத்தை வைக்கிற 'அப்டேட்டட்_அட்' மேல இண்டெக்ஸ் வெச்சிருக்கீங்களா?

அதே நண்பர்: ஆமா. எடுத்தா ரிப்போர்ட் படுத்துடும்.

பதில்: அப்போ ஒவ்வொரு அப்டேட்டும் எல்லா இண்டெக்ஸ்லயும் புது எண்ட்ரி போடுது. பதிப்பு 16 அல்லது அதுக்கு மேலன்னா பிரின் (BRIN) இண்டெக்ஸா மாத்துங்க, அது பக்கக் கூட்டத்துக்கு ஒரு ரேஞ்ச் (குறைஞ்ச, அதிக மதிப்பு) மட்டும் வைக்கும். அது ஹாட்டைத் தடுக்காது.

இன்னொருவர்: பிரின் உதவாதுங்க. அப்டேட் ஆகுற வரிசை டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லா ரேஞ்சும் அகலமாகி, தேடும்போது எல்லாப் பக்கத்தையும் படிக்கும்.

பதில்: நீங்க சொல்றதுதான் சரி, நான் அவசரப்பட்டுட்டேன். அப்போ அடிக்கடி மாறுற காலங்களைத் தனியா ஒரு ஒல்லி டேபிளுக்கு மாத்துறது நல்லது. ஊதினாலும் அது மட்டும்தான் ஊதும்.

இன்னொருவர்: ரெண்டு டேபிளையும் சேர்த்துப் படிக்கிற ஜாயின் கூடுமே?

பதில்: கூடும். பிரைமரி கீ ஜாயின்தானே, தாங்கும். ஃபில்ஃபேக்டர் பற்றி இன்னொண்ணு: ஏற்கெனவே நிரம்பின பக்கங்களை அது தொடாது, புதுசா நிரம்புறதுக்குத்தான்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லுக்கும் இதேதானா?

பதில்: இல்லை. அதோட ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபில வரிசையோட பழைய பதிப்பு அன்டூ லாக்குக்குப் போகும். அது என் ஏரியா இல்லைங்க.

கேள்வி: வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வேக்யூம் ஃபுல்...

பதில்: மேலே சொன்ன பதில்தான், வேண்டாம். ஒரு தடவை சுருக்கியே ஆகணும்னா, நெடுநேரம் பூட்டாம டேபிளைச் சுருக்குற பிஜி_ரீபேக் (pg_repack) எக்ஸ்டென்ஷன். பிரைமரி கீயும் டிஸ்க்ல இடமும் இருக்கான்னு பார்த்துட்டு ஓட்டுங்க. கமிட் ஆகாத டிரான்சாக்‌ஷன் ஏதாவது கிடக்குதான்னு பார்த்தீங்களா?

அவர்: ஒண்ணு இருக்கு. 9 நாளா.