ஏழு மணியோடு ஒட்டிவரும் 'இஷ்'

அன்புள்ள தம்பி,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதமே ஆகிறதென்றும், வேலையிடத்து மேலாளர் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குச் 'செவன் இஷ்' வரச் சொன்னாரென்றும், அது எத்தனை மணி என்று அவரிடமே திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதென்றும் எழுதியிருந்தீர்கள். ஏழு மணி போல என்பதுதான் அதன் பொருள். ஆனால் அது எங்கள் ஊர்ப் 'போல' அன்று.

திருகோணமலையில் 'ஏழு மணி போல வாறன்' என்று சொன்னவர் ஆறரைக்கும் வரலாம், எட்டரைக்கும் வரலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, கரையில் காத்து நின்றவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்று நன்றாகத் தெரியும். இங்கே அது அவ்வளவு இழுபடாது. இழுபட்டாலும் பிந்திய பக்கத்துக்கு மட்டுமே. விருந்துக்கு ஏழு இஷ் என்றால் ஏழுக்கும் ஏழே காலுக்கும் இடையில் போகலாம், ஏழுக்கு முன் போகவே கூடாது. வந்த முதல் வருடம் நான் ஆறே முக்காலுக்குப் போய் மணியடித்தேன். வீட்டுக்காரர் தலையில் சுற்றிய துவாயோடு கதவைத் திறந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துவிட்டு மேல்மாடிக்கு ஓடினார். அரை மணி நேரம் அவர்களுடைய பூனையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த 'இஷ்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஒரு விகுதி. முதலில் இன்ன இனத்தவர், இன்ன நாட்டவர் என்று காட்டவே அது பயன்பட்டது; இங்கிலிஷ், ஸ்கொட்டிஷ் என்ற பெயர்களின் வாலில் இருப்பதும் அதுதான். பின்னர் நிறங்களோடு சேர்ந்து, ரெட்டிஷ் என்றால் முழுச் சிவப்பு அன்று, சிவப்புச் சாயல் என்ற பொருளைத் தந்தது. வயதோடும் நேரத்தோடும் அது ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தித்தான். இப்போது தனியாகவும் நிற்கப் பழகிவிட்டது: 'பசிக்கிறதா?' என்று கேட்டால் 'இஷ்' என்று மட்டும் பதில் வரும், ஓரளவு பசிதான் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம் தேவை, ஏனெனில் சைல்டிஷ் என்பது பிள்ளைத்தனம் என்று இகழும் சொல்.

பெரும்பாலும் முழு மணிக்கும் அரை மணிக்கும் பின்னால்தான் அது வரும். 'ஏழு பதின்மூன்று இஷ்' என்றால் பகிடி என்றே எடுப்பார்கள். இடையில் இன்னொன்று: 'ஹாஃப் சிக்ஸ்' என்பது ஆறரை, ஐந்தரை அன்று.

யார் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மேலாளர் 'நாளை நான் நைன் இஷ் வருவேன்' என்றால் அந்தத் தளர்வு அவருக்கு உரியது, உங்கள் வேலை ஒன்பதுக்கே தொடங்கும். வைத்தியரிடம் பதிந்த நேரத்துக்கு இஷ் கிடையாது. படிவங்களிலும் கடிதங்களிலும் 'அப்ரொக்ஸிமேட்லி' என்று எழுதுங்கள். பணத்தோடு ஒட்டி வந்தால் இன்னும் விழிப்பாக இருங்கள்: குழாய் திருத்த வந்தவர் 'எய்ட்டி இஷ்' என்றார், நான் கட்டியது 110 பவுண்டு. அதற்குப் பிறகு எவரிடமும் தொகையை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்க விட்டதில்லை.

சனிக்கிழமை ஏழு பத்துக்கு மணியை அடியுங்கள். பஸ் முந்திக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் தெருமுனையில் சற்று நில்லுங்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான் நிற்கிறேன்.