இடுப்பில் ஒன்றா, இரண்டா? கேள்வி-பதில்

போன மாதம் ஃபிரிட்ஜ் வாரண்டி பற்றி எழுதும்போது, நான் இடுப்பில் பிஸ்டல் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற ஆள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். நான் டெக்சாஸில் இருப்பவன். மற்ற மாநிலத்துக்காரர்கள் அவரவர் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் சிட்டிசன் ஆனேன். ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கியிருக்கிறேன். "ஒன்று வைத்திருப்பவன் வைக்காதவன் மாதிரி, கணுக்காலில் இன்னொன்று கட்டிக்கொள்" என்கிறார் சுட்டுப் பழகும் ரேஞ்சில் பழக்கமான ஒருவர். அன்றாடத் தற்காப்புக்கு எத்தனை சரி? (ஃபிரிஸ்கோ)

ஒன்று.

இரண்டாவது துப்பாக்கி போலீஸ்காரர்களின் பழக்கம். ரிவால்வர் காலத்தில் ஐந்தாறு குண்டு தீர்ந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப நிரப்புவதைவிட இன்னொரு ரிவால்வரை உருவுவது சுலபம். அதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு வங்கிக் கொள்ளையரை மடக்கியபோது, கார்கள் மோதியதில் ஒரு ஏஜென்டின் ரிவால்வர் எங்கோ போய் விழுந்துவிட்டது. அவர் சண்டை போட்டது இரண்டாவதாக வைத்திருந்த ஐந்து குண்டு ரிவால்வரால்தான். அதுவும் தீர்ந்து, திரும்ப நிரப்பும்போது கையிலேயே சூடு வாங்கினார். அன்றைக்கு இரண்டு ஏஜென்டுகள் செத்தார்கள். உங்கள் நண்பர் சொல்லும் தத்துவம் இந்த மாதிரிக் கதைகளிலிருந்து வந்ததுதான். ஆனால் அவர்கள் ஆயுதம் ஏந்திய கொள்ளையரைத் தேடிக்கொண்டு போனவர்கள். நீங்கள் பால் வாங்கப் போகிறீர்கள்.

எடையையும் கணக்குப் போடுங்கள். பதினைந்து குண்டோடு ஒரு கிளாக் 19 பிஸ்டல் சுமார் 850 கிராம். ஐந்து குண்டு போட்ட சின்ன ரிவால்வர் அரைக் கிலோவை நெருங்கும். மதுரைக் கோடை மாதிரி வெயில் அடிக்கிற ஊரில் மெல்லிய சட்டைக்குள் இதையெல்லாம் மறைக்க வேண்டும். இரண்டு வாரம் சுமப்பீர்கள், அப்புறம் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். பார்த்திருக்கிறேன்.

கணுக்கால் ஹோல்ஸ்டர், அதாவது காலில் கட்டும் துப்பாக்கி உறை, நானும் வாங்கினேன், 70 டாலர். முதல் வாரமே ஒரு கிரகப்பிரவேசம். வாசலில் ஷூவைக் கழற்றினேன், உள்ளே இலை போட்டிருந்தார்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பேன்ட் முழங்கால் வரை ஏறியது. எதிர்வரிசையில் இருந்த பொடியன் "அங்கிள், கால்ல என்ன கட்டு? அடிபட்டுடுச்சா?" என்று கேட்டான். சாம்பார் வாளியோடு வந்தவர் பார்த்துவிட்டு, என் இலையைத் தாண்டிப் போய்விட்டார். அந்த ஹோல்ஸ்டர் இப்போது கராஜில் கிடக்கிறது.

இரண்டாவது துப்பாக்கிக்கு வைத்திருக்கும் காசில் நல்ல கெட்டியான பெல்ட் ஒன்று, விசையை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் ஒன்று, ஒரு நாள் பயிற்சி வகுப்பு ஒன்று வாங்குங்கள். 20 டாலர் நைலான் உறை வேண்டாம். மிச்சம் இருந்தால் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

கேள்வி: இடது பக்கமும் ஒன்று இருந்தால் பேலன்ஸாக இருக்குமே? (ஆஸ்டின்)

இடுப்பு தராசு இல்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வர வருடக்கணக்காகும். சிட்டிசனான நண்பர் பெயரில் இப்போதே இரண்டு வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டு, பிறகு என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? எல்லாரும் செய்வதுதானே? (இர்விங்)

எல்லாரும் செய்வதில்லை. செய்கிறவர்களில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கடையில் நிரப்புகிற படிவம் 4473, துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்றுதான் ஆரம்பத்திலேயே கேட்கிறது. உங்களுக்காக வாங்கும் நண்பர் அங்கே 'ஆம்' என்று எழுதினால் அது பொய். இப்படி அடுத்தவருக்காக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி 2022-ல் சட்டம் கொண்டுவந்தார்கள், 15 வருடம் வரை சிறை. உங்கள் பக்கம் இன்னும் மோசம். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அதுவே போதும்.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லப் போகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணிநேரக் கட்டணம் கொடுங்கள். லேப்டாப் பை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள், இதற்கு மட்டும் நண்பர் பேச்சை நம்பிக் கிளம்புகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: கடையில் 550 டாலர் சொன்ன பிஸ்டல் இணையத்தில் 340. இன்னொரு சின்னதும் சேர்த்தால் இரண்டும் 600 என்றார்கள். வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வசதியில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வீட்டுக்கே பார்சல் வரும், டீலரிடம் போக வேண்டியதில்லை என்றார்கள். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. நேற்று, இன்ஷூரன்சுக்கு 180 டாலர் கட்டினால் பார்சல் கிளம்பும் என்று மெசேஜ். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வண்டி ஓட்டி வருகிறேன், அந்தப் பயத்தில் வாங்கினேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. (சார்லட்)

அம்மா, அந்த 180-ஐக் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்தது 'டாக்ஸ்' என்று ஒன்று வரும்.

இன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டு மோசடி என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஸெல்லில் நாமே அனுப்பிய பணம் திரும்புவது கஷ்டம், ஆனாலும் எழுத்தில் புகார் இருக்க வேண்டும். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3-யில் ஒன்று, உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஒன்று. அந்த மெசேஜ்களை அழிக்க வேண்டாம், படம் பிடித்து வையுங்கள்.

மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிமாநிலத்துக் கடை விற்கும் கைத்துப்பாக்கி உங்கள் மாநிலத்தில் உள்ள லைசென்ஸ் பெற்ற டீலருக்குத்தான் வரவேண்டும். அங்கே நீங்கள் நேரில் போய், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். வீட்டு வாசலுக்கு வரும் என்று சொன்னாலே திருடன். ஸெல், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு இவற்றில் மட்டும் பணம் வாங்குவேன் என்றாலும் திருடன். டீலரின் லைசென்ஸ் எண் உண்மையா என்று பார்க்க, துப்பாக்கிக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் தளத்தில் 'ஈஸி செக்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

கணவரிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். அவரும் இப்படி எதையாவது வாங்கி எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார். இரவு ஷிஃப்ட் பயத்துக்கு, வண்டி நிற்கும் இடம் வரை செக்யூரிட்டி கூட வர முடியுமா என்று வேலையிடத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கேள்வி: இரண்டு கைத்துப்பாக்கி சேர்த்து வாங்கினால் 15 சதவீதம் தள்ளுபடி என்றார்கள், வாங்கிவிட்டேன். இரண்டாவது என் கைக்கு ஒத்துவரவில்லை. ரசீது இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா? (கேட்டி)

பெரும்பாலான கடைகளில் முடியாது. கடை வாசலைத் தாண்டியதுமே அது பழைய துப்பாக்கி. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். விற்றால் போட்ட விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கிடைக்கலாம். உங்கள் 15 சதவீதம் அங்கேயே போய்விட்டது. ஒரே டீலரிடம் ஐந்து வேலை நாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் அவர் ஏடிஎஃப்புக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது குற்றமில்லை, விதி. ஆனால் தள்ளுபடி அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள்.

திட்டுகிற தகுதி எனக்கில்லை. 2020-ல் கடை அலமாரியெல்லாம் காலியாகக் கிடந்தபோது, கடைசியாக இருந்த ஒரு .380 பாக்கெட் பிஸ்டலைக் கையில் பிடித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். "இது உங்க பேக்கப் சார்" என்றான் விற்ற பையன். கால் கிலோ சொச்சம் எடை, சுட்டால் உள்ளங்கை எரியும். அதற்கு ஏழு மாதம் தோட்டாவே கிடைக்கவில்லை. தோட்டா கிடைத்தபோது சுடப் பிடிக்கவில்லை. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். நிறைய ரேஞ்சுகளில் வாடகைக்குத் துப்பாக்கி தருகிறார்கள். ஐம்பது குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மூன்று கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன், மாற்றி மாற்றி எடுத்துப் போவேன். கைரேகையில் திறக்கும் மலிவான பெட்டி ஒன்று போதுமா? வீட்டில் 6, 9 வயதில் பிள்ளைகள். (பிளேனோ)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2023 அக்டோபரில் கைரேகைப் பெட்டிகள் சுமார் 61,000-ஐத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. பதிவு செய்யாத விரலுக்கும் பூட்டு திறந்தது. அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுப் பையன் ஒருவன் இறந்த பிறகு வந்த அறிவிப்பு அது.

இப்போது இதைக் கேளுங்கள். பெட்டியைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கும் அதிகாரம் கிடையாது. 1972-ல் ஆணையத்தை உண்டாக்கிய சட்டமே துப்பாக்கியை நுகர்வோர் பொருள் என்ற கணக்கிலிருந்து விலக்கி வைத்தது. 1976-ல் தோட்டாவையும் தொடாதே என்று திருத்தினார்கள். பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று விதி இருக்கிறது. மிக்சி, தொட்டில், ஹேர் டிரையர் எல்லாவற்றுக்கும் கேட்க ஆள் இருக்கிறது. நிஜத் துப்பாக்கி கீழே விழுந்து தானாக வெடித்தால், 'திரும்பக் கொடு' என்று கம்பெனிக்கு உத்தரவு போட மத்தியில் ஆளே இல்லை. 2017-ல் சிக் சாவர் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று பேச்சு கிளம்பியபோது, கம்பெனி 'விரும்பினால் அனுப்புங்கள், மேம்படுத்தித் தருகிறோம்' என்றது. ரீகால் என்ற வார்த்தையைத் தவிர்த்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? இருபது வருடமாகப் பொருள் வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். எந்தப் பொருளைப் பற்றிப் புகார் வந்தாலும் 'இங்கே எழுதிப் போடுங்கள்' என்று ஒரு முகவரி சொல்ல முடிகிறது. இதற்கு மட்டும் கம்பெனி முகவரிதான்.

ஆகவே நீங்களே ஆணையமாக இருக்க வேண்டும். உங்கள் மாடலின் பெயரைப் போட்டு 'ரீகால்', 'அப்கிரேட்' என்று தேடிப் பாருங்கள். பெட்டி வந்ததும் உங்கள் விரலைப் பதிந்துவிட்டு, மனைவியின் விரல், பிள்ளைகளின் விரல் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பெட்டி காலியாக இருக்கும்போது. என்னைக் கேட்டால் பட்டன் பூட்டுதான் நல்லது. டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் பெற்றவர் மீது வழக்கு வரும். மூன்றில் ஒன்று இடுப்பில் இருக்கும், மற்ற இரண்டும்? ராத்திரி பெல்ட்டைக் கழற்றும்போது அந்த ஒன்றும்? மூன்றையும் பூட்டி வைக்க அலுப்பாக இருந்தால் இரண்டை விற்றுவிடுங்கள்.

கேள்வி: இடுப்பில் ஒன்று, லேப்டாப் பையில் ஒன்று வைத்திருப்பேன். அவசரமாக விமான நிலையம் கிளம்பும்போது இடுப்பில் இருந்ததை வீட்டில் வைத்தேன். பையில் இருந்தது மறந்துவிட்டது. ஸ்கேனரில் பிடித்துவிட்டார்கள். அபராதத்தைக் குறைக்க வழி உண்டா? (ஹூஸ்டன்)

2023-ல் இப்படி 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன என்கிறது விமான நிலையங்களில் சோதனை போடும் டிஎஸ்ஏ. பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு போட்டவை. எல்லாரும் சொன்ன பதில் 'மறந்துவிட்டேன்'.

அபராதம் 15,000 டாலரையும் தாண்டலாம். சோதனை வரிசையில் சீக்கிரம் விடும் பிரீசெக் சலுகை இருந்தால் அது ஐந்து வருடம் வரை பறிபோகலாம். நோட்டீஸ் வந்ததும் தேதிக்குள் பதில் போட்டு, குறைத்துக் கட்ட அனுமதி கேட்கலாம். வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் முதல் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: சாண்டா ஃபே வரை குடும்பத்தோடு காரில் போகிறோம். இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? (லபக்)

நியூ மெக்சிகோவில் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்து எடுத்துப்போவது ஒரே சமயத்தில் ஒன்றுதான்.

கேள்வி: கோவைக்கே திரும்புகிறோம். இரண்டு பிஸ்டலையும் கண்டெய்னரில் போட்டுவிடலாமா? (சான் அன்டோனியோ)

விற்றுவிட்டுப் போங்கள். இந்தியாவில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. லைசென்ஸ் வாங்குவதே பெரும்பாடு. ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததையும் 2019-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கண்டெய்னரில் கிரைண்டரைப் போடுங்கள்.

கேள்வி: துப்பாக்கியே வேண்டாம் என்று நினைக்கிறேன். பெப்பர் ஸ்பிரே போதுமா? கோழை என்கிறார் அண்ணன். (ரவுண்ட் ராக்)

போதும். அண்ணனை விடுங்கள். டப்பாவின் அடியில் தேதி போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். தேதி முடிந்தால் அழுத்தம் போய்விடும். என்னுடையது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பின்கட்டில் ஒருநாள் அடித்தேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல். கண்ணைத் திறக்க முடியாமல் குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்து, "வெளியில யாரு மிளகாய் வறுக்கிறது?" என்றாள் மனைவி. காரமில்லாத பயிற்சி டப்பா தனியாக விற்கிறார்கள். அதையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.