மனேச்சர் பதில்கள்: மிளகாய்க் காலமும் பாண் வரிசையும்

(பதில் சொல்பவர், வலிகாமத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: 1970க்கும் 77க்கும் இடையில் ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால்தான் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள் என்று என் தகப்பனார் சொல்லுவார். இப்போதும் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டால் என்ன? (வாசகர், கோண்டாவில்)

உங்கள் தகப்பனார் சொன்னதில் பொய்யில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் எந்த முற்றத்தைப் பார்த்தாலும் பாய் விரித்துச் செத்தல் மிளகாய் காயும். தும்மாமல் ஒரு வீட்டுக்குப் போய்வர முடியாது. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். மண்வீடுகள் கல்வீடுகளாயின. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெடியன்கள் வன்னியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி எடுத்து மிளகாய் வைத்தார்கள். கலியாணப் பேச்சில் அரசாங்க உத்தியோகத்தனைவிட மிளகாய்த் தோட்டக்காரனுக்கு மதிப்புக் கூட. நான் உத்தியோகத்தன், எனக்குத் தெரியும்.

ஆனால் அதே காலத்தை நான் சங்கக் கடை மேசைக்குப் பின்னால் நின்றும் பார்த்தேன். பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தைச் சீலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். நான் ஒரு துண்டைக் கிழித்துவிட்டுச் சீனி நிறுக்கும்போது, கடதாசிப் பையில் ஒட்டிய சீனியையும் தட்டிவிடச் சொல்லிக் கேட்பார்கள். பாணுக்கு விடிய முன் வரிசை. ஹோட்டல்களில் வாரத்தில் இரண்டு நாள் சோறு போடக் கூடாது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனால் வழியில் பொலிஸ் மூட்டையை அவிழ்க்கும். தேர்தல் மேடையில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று சொல்லி வந்த அரசு அது!

இறக்குமதி நின்றதற்குத் தோட்டக்காரர்மேல் வந்த பாசம் காரணமில்லை, தம்பி. கஜானாவில் டொலர் இல்லை. 1972இல் சோவியத் யூனியன் அமெரிக்கக் கோதுமையை மொத்தமாக வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் எண்ணெய் விலை பாய்ந்தது. தானிய விலை மடங்கு கணக்கில் ஏற, எங்கள் தேயிலை விலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்த நல்ல காலம் அரசின் கஷ்டகாலத்தின் பக்கவிளைவு. அதனால்தான் 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்தபோது, மிளகாய்க்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிச் செத்தல் வந்து இறங்கியது, உள்ளூர் விலை படுத்தது, கடன் வாங்கிக் கிணறு ஆழமாக்கியவன் தலையில் கைவைத்தான்.

எனவே முழுத் தடைக்கு என் வாக்கு இல்லை. இங்கே நன்றாக விளையும் பயிருக்கு இறக்குமதி வரி வேண்டும், அதுவும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த வரியாக. அதைக் கீழே சுன்னாகத்துக்காரருக்குச் சொல்கிறேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்தார் பொற்காலம் என்று எழுதும் அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் என் அப்பாயி அழுவார். அதையும் எழுதுவீர்களா? (வாசகி, ஹட்டன்)

எழுதத்தான் வேண்டும், பிள்ளை. 1973, 74இல் மலையகத்தில் நடந்தது பட்டினிச் சாவு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம் என்கிற வரிசை வீடுகளில் ரொட்டி தட்டிச் சாப்பிட்டவர்கள். அவர்களுடைய சாப்பாடு கோதுமை மாவை நம்பியிருந்தது. மா குறைந்தது, விலை ஏறியது, பங்கீடு சுருங்கியது. நாட்டின் மற்றப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி மரவள்ளியாவது ஊன்ற ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்து வாசலில் இருந்து மலை உச்சிவரை கம்பனித் தேயிலை. உணவுப் பயிர் ஊன்றச் சொல்லி "பயிர்ச்செய்கைப் போர்" என்று அரசு முழங்கியது, ஊன்ற நிலமில்லாதவர் எதை ஊன்றுவார்? 1974இல் தோட்டப் பகுதிகளின் மரண வீதம் நாட்டின் மற்ற இடங்களைவிட மிகவும் உயர்ந்துபோனது.

பசி தாங்காமல் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கி வந்தவர்களில் பலர் எங்கள் ஆட்களுடைய காணிகளில் கூலிக்கு நின்றார்கள். நல்ல விலைக்குப் போன மிளகாயைப் பிடுங்கியதில் அவர்களுடைய கையும் இருந்தது. கூலி நல்ல கூலியாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கல்வீட்டுக் கதை சொல்லும் என் வயதுக்காரர் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்லுவார்கள்.

கேள்வி: பாண், கொத்து ரொட்டி, நூடில்ஸ் எல்லாவற்றையும் விட்டால் எவ்வளவு டொலர் மிஞ்சும்! ஏன் யாரும் செய்வதில்லை? (வாசகர், வெள்ளவத்தை)

முதலில் நீங்கள் விடுங்கள், பார்ப்போம். கோதுமை நமக்கு விளையாது, வருவதெல்லாம் கப்பலில்தான். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை வந்த பிறகு, அவசரத்தில் இருக்கிற குடும்பத்துக்குக் காலைச் சாப்பாடு என்றால் பாணும் சம்பலும் என்றாகிவிட்டது. விடிய எழுந்து இடியப்பம் பிழிவது யார்? வீட்டில் அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கனடாவிலிருந்து வரும் மைசூர்ப் பருப்பையும் நான் வெட்கப்படாமல்தான் சாப்பிடுகிறேன். விளையாததை வாங்குவதில் குற்றமில்லை.

கேள்வி: அரிசியில் இலங்கை ஏறக்குறையத் தன்னிறைவு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 2022இல் எங்கள் தமிழ்நாட்டு அரிசி ஏன் தேவைப்பட்டது? (வாசகர், சென்னை)

நெல் இங்கே விளைகிறது, அதற்குப் போடும் உரம் கப்பலில் வருகிறது. 2021 மே மாதம் கோட்டாபய அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை விவசாயம் என்று பெயர், அதோடு டொலரையும் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கணக்கு. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போக (மாரி மழைக்கால) நெல் விதைத்தாகிவிட்டது. கிளிநொச்சியில் என் மருமகனுடைய வயலில் பயிர் மஞ்சளாக நின்றதை நான் வரம்பில் நின்று பார்த்தேன். கதிர் வந்தது, பாதி பதர். மிச்சம் பிடித்த டொலரைவிடக் கூடுதலாகக் கொடுத்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று, அதற்கும் கையில் காசில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

தமிழ்நாடு 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்து, மே 18ஆம் தேதி முதல் கப்பலைச் சென்னையிலிருந்து அனுப்பியது. பால்மாவும் மருந்தும் கூட வந்தன. மறக்கவில்லை, ஐயா.

நல்ல விளைச்சல் இருந்தாலும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் கடைகளில் நாட்டரிசியைத் தேடித் திரிந்தோம், அரசு மறுபடியும் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிற பெரிய ஆலைகள் கைவிரல் எண்ணிக்கைதான். அவர்கள் விடுகிற வேகத்தில்தான் அரிசி கடைக்கு வரும். சங்கங்களுக்குச் சொந்த நெல் ஆலை இருந்த நாட்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்ததில்லை. மனேச்சர் தன் கடையைப் புகழ்கிறான் என்று சிரித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பெரிய வெங்காயத்துக்கு இறக்குமதி வரியைக் கூட்டினால் எங்கள் சின்ன வெங்காயத்துக்கும் விலை வருகிறது. நல்லதுதானே? (வாசகர், சுன்னாகம்)

நல்லதுதான், நேரத்துக்கு வந்தால். நீங்கள் கிண்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு வரி கூடினால், பழைய வரியில் இறக்கி வைத்திருக்கிற மொத்த வியாபாரிக்குத்தான் லாபம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் இதையே பார்த்தோம். விலை எகிறியது. உங்களில் எத்தனை பேரிடம் விற்க அப்போது வெங்காயம் இருந்தது? அடுத்த ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் தர டெல்லி சம்மதித்தது.

உங்கள் கமக்கார அமைப்பு அமைச்சுக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால், மானியம் கேட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். கூட்டுவதென்றாலும் குறைப்பதென்றாலும், விதை வெங்காயம் ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்னால் வரி அரசாங்க வர்த்தமானியில் (கெசட்டில்) வரவேண்டும், அறுவடை முடியும்வரை அதை மாற்றக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.