கருவி நின்றுபோன இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் பதினோரு வருடமாக ட்ரெயினராக இருக்கிறேன். ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சாட்டில் வந்து கேட்பதற்குப் பதில் சொல்வது எங்கள் வேலை. முன்பு புதியவர்களுக்கு ஆறு வாரம் வகுப்பு, அப்புறம் மூன்று வாரம் நெஸ்டிங், அதாவது பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள நிஜ சாட்டுகளில் பழகுவது. இப்போது என்ன பதில் எழுதலாம் என்று ஏஐ திரையின் ஓரத்தில் காட்டிவிடுவதால் எல்லாம் சேர்த்து இரண்டே வாரம். பிள்ளைகளின் வேலையை அளக்கும் எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சென்ற மாதம் ஒருநாள் அந்தக் கருவி இருபது நிமிடம் நின்றுவிட்டது. புது பேட்ச் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "மேம், இப்ப என்ன எழுதறது?" என்று கேட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இனி நான் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவளாகிவிட்டேனா?

ஒரு வாசகி, சென்னை
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அந்த இருபது நிமிடம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததே, அதுதான் நீங்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டியதற்குக் காரணம்.

நீங்கள் செய்யும் இதே வேலையை வைத்து எரிக் பிரின்யோல்ஃப்சன், டானியெல் லீ, லிண்ட்சி ரேமண்ட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். சாட்டில் உதவி செய்யும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஏஐ வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்துவைத்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். நன்றாகத் தேறிய பழைய ஆட்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. கருவியோடு வேலை செய்த இரண்டு மாத ஆள், கருவி இல்லாத ஆறு மாத ஆளுக்குச் சமமாக நின்றார். உங்கள் நிர்வாகம் பயிற்சியைக் குறைத்தது இந்த மாதிரி எண்களைப் பார்த்துத்தான் இருக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கேயும் கருவி அவ்வப்போது நின்றிருக்கிறது. அந்த நேரங்களிலும் அந்த ஊழியர்கள் முன்பைவிட வேகமாகவே வேலை செய்தார்கள். கருவியோடு அதிக நாள் பழகியவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, பார்த்துப் பார்த்து ஏதோ மனதில் தங்கியிருக்கிறது. ஆகவே ஏஐ வந்தால் மனிதனுக்கு மறந்துபோகும் என்று ஒரேயடியாகச் சொல்ல நான் தயாரில்லை.

நேர்மாறான செய்தியும் உண்டு. போலந்தில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களைப் பற்றி 2025இல் ஒரு ஆய்வு வந்தது. எல்லோரும் ஆயிரக்கணக்கில் செய்து கைதேர்ந்தவர்கள். பெருங்குடலில் இருக்கும் கட்டியை ஏஐ திரையில் சுட்டிக்காட்டும். அது பழக்கத்துக்கு வந்த சில மாதங்களில், ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4க்கு இறங்கிவிட்டது. ஒரே ஆய்வை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

பிலிப்பைன்ஸில் தங்கியது, போலந்தில் ஏன் கரைந்தது? என் ஊகம் இது. பிலிப்பைன்ஸ்காரர்களில் பலர் கருவி வருவதற்கு முன்பே தாங்களாக யோசித்துப் பதில் எழுதித் தடுமாறியவர்கள். தேர்ந்த ஆளின் பதில் திரையில் வந்ததும் 'அட, இப்படியும் கேட்கலாமா' என்று பட்டிருக்கும். போலந்து மருத்துவர்களுக்கு வந்தது, கட்டி இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் ஓர் அடையாளம் மட்டும். கண் தேடுவதை விட்டுவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்குத் தடுமாறும் காலமே கிடைக்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கச் சேர்ந்தேன். அங்கே ஒரு பெரியவர். நான் திருத்திக் கொடுத்த தாளை அவர் ஒருமுறை படிப்பார். "தம்பி, மூணு விட்டுட்டீங்க" என்று திருப்பிக் கொடுப்பார். எங்கே என்று சொல்லவே மாட்டார். மூன்றையும் கண்டுபிடிக்க சில நாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். எனக்குக் கோபம் கோபமாக வரும். இன்றைக்கும் ஒரு பக்கத்தில் பிழை இருந்தால் என் கண் தானாகப் போய் நிற்கிறது என்றால் அது அவர் சொல்லாமல் விட்டதால்தான்.

உங்கள் வகுப்பிலும் அதைச் செய்யுங்கள். ஆறு வாரத்தைத் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் கேளுங்கள். முடிந்துபோன பழைய டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர் பிரச்சினைகளின் பதிவுகளை எடுத்து, கருவியை மூடிவைத்து, பதிலை அவர்களே எழுதட்டும். எழுதிய பிறகு ஏஐயின் பதிலைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எது சரி, ஏன் என்று அவர்கள் சொல்லட்டும். நடுவில் ஏஐ தப்பாகப் போன டிக்கெட்டுகளைக் கலந்துவிடுங்கள். 'லாகின் ஆகவில்லை' என்று ஒருவர் எழுதுகிறார். கருவி பாஸ்வேர்டு மாற்றும் வழியைக் காட்டுகிறது. உண்மையில் அவருடைய அலுவலகமே அவர் கணக்கை முடக்கியிருக்கலாம். 'உங்கள் கூட வேலை செய்கிறவர்களுக்கு லாகின் ஆகிறதா?' என்ற ஒரு கேள்வி போதும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் இனி உங்கள் பாடம். மனப்பாடமாகச் சொல்லவைத்த வாக்கியங்களையெல்லாம் தயங்காமல் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ஆறாத விஷயம். அந்த ஆய்வில் இருந்த கருவி, அதே நிறுவனத்தின் சிறந்த ஊழியர்கள் வாடிக்கையாளர்களோடு பேசியதிலிருந்து கற்றது. புதியவருக்குக் கிடைத்த 34 சதவீதம் அவர்களுடைய உழைப்பு. அதற்காக அவர்களுக்குத் தனியாக ஒரு பைசா கொடுக்கவில்லை. உங்கள் ஃப்ளோரில் அப்படிப்பட்ட பழைய ஆட்கள் இருப்பார்கள். 'ஏஐதான் இருக்கிறதே' என்று அவர்களை அனுப்பிவிட்டால், அடுத்த வருடம் மென்பொருள் மாறும்போது கருவி யாரைப் பார்த்துக் கற்கும்? அந்த ஒரு மணி நேர வகுப்புக்கு அவர்களில் ஒருவரையாவது கூட்டி வாருங்கள். அதை வேலை நேரமாகக் கணக்கில் வைக்கச் சொல்லி மேலே எழுதிக் கொடுங்கள். கருவி நின்ற அன்றைய இருபது நிமிடத்தில் எத்தனை சாட் தேங்கியது என்ற கணக்கையும் கூடவே இணையுங்கள். அதை அவர்களால் ஒதுக்க முடியாது.

அடுத்த பேட்ச் எப்போது வருகிறது? முதல் வாரம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.