பல்லுயிர் மரபுத் தலம் என்றால் என்ன?

அரிய உயிரினங்கள் நிறைந்த, சில இடங்களில் பழைய வரலாற்றுத் தடயங்களும் சேர்ந்திருக்கும் நிலத்தை, உள்ளாட்சியைக் கலந்துபேசி, மாநில அரசு 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அறிவிப்பது. தமிழ்நாட்டில் முதலாவது, மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி (2022). குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், பாறை முகட்டில் வல்லூறு.

ஏன் காக்கிறார்கள்? பக்தி மட்டுமல்ல. குன்றில் விழும் மழைதான் சுனைக்கும் கண்மாய்க்கும் இறங்கி வயலுக்குப் போகிறது. 2024இல் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது விவசாயிகளே தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

மரபுத் தலம் என்று அறிவிப்பது, எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரிதான். பாத்திரமும் சமையலும் அதேதான். யாருடையது என்பது ஊரறியத் தெரியும்.

சரி, அறிவித்துவிட்டால் ஆடு மேய்க்கவோ சாமி கும்பிடவோ முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஊர்க்காரர்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு இதனால் தடை வராது.