கட்டணம் வாங்காமல் ஒரு கத்தோலிக்கப் பள்ளியை நடத்த முடியுமா?

முடியும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) பல ஆண்டுகளாக நடக்கிறது. பங்கில் (அந்தந்த ஊர்க் கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில்) பதிவு செய்து, வாராவாரம் திருப்பலிக்கு வந்து, தங்களால் முடிந்த அளவு காணிக்கையும் உழைப்பும் தரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை படிப்புக் கட்டணம் கிடையாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், பங்கின் ஞாயிறு காணிக்கையிலிருந்துதான். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பமும் ஒரு படிவம் நிரப்பும்: எவ்வளவு நேரம் ஜெபத்துக்கு, எந்த வேலையில் கைகொடுப்போம் (பாடகர் குழு, மறைக்கல்வி, சமையலறை, எதுவானாலும்), வருமானத்தில் எவ்வளவு தருவோம் என்று. பிள்ளை இல்லாத முதியவரும் தருகிறார், அதனால்தான் ஏழு பிள்ளை உள்ள வீடும் தாக்குப்பிடிக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அருட்தந்தை தாமஸ் மெக்ரீட் தன் பங்கில் தொடங்கிய இந்த முறையை 1985இல் ஆயர் யூஜின் கெர்பர் மறைமாவட்டம் முழுவதற்கும் கொண்டுவந்தார்.

சரி, நம் பங்கில் இது வேலை செய்யுமா? முதலில் கணக்கைத் திறந்து காட்டுங்கள். திருச்சபைச் சட்டமே (எண் 537) ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காரியத்துக்குக் கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் (1267), கொடுத்த மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் (1287). கூரைக்கு வாங்கிய பணம் திருவிழா மின்விளக்குக்குப் போனால், அடுத்த தடவை யாரும் காணிக்கை உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள்.